சென்னைல சொந்த கார் இல்லாம குடும்பம் நடத்துறது: எத முதல்ல செய்யணும், எத கடைசில

கார வித்து முடிச்சுட்டு "இப்ப என்ன பண்றது"ன்னு கேக்குறவங்கள நிறைய பாத்துட்டேன். விக்கிறது ரொம்ப ஈசி, ஆப்ல போட்டா வீட்டு வாசலுக்கே வந்து பாத்து விலை பேசி எடுத்துட்டு போயிடுவாங்க. கஷ்டம் எல்லாம் அதுக்கப்புறம் வர்ற முதல் கல்யாணத்துலயும், நடுராத்திரி காய்ச்சல்லயும், ஐப்பசி மழைலயும்தான் இருக்கு. அதனால விக்கிறத பத்தி கடைசிலதான் சொல்லுவேன், அவசரப்பட்டு அதுக்கு தாவாதீங்க.

சென்னைல ஒரு கார் வெச்சிருக்குற சாதாரண குடும்பத்த மனசுல வெச்சு எழுதுறேன். ரெண்டு பேரு வேலைக்கு போறாங்க, ஒரு பிள்ளை, வீட்டுல ஒரு பெரியவங்க. மாம்பலத்துல தனியா ரூம் எடுத்து இருக்குற ஆளுக்கு இவ்ளோ தேவையே இல்ல, 4, 9, 11 படிச்சா போதும்.

சிலருக்கு இது சரிப்படாது, அதையும் இப்பவே சொல்லிடறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் இல்லாத ஷிப்ட் வேலை, தினமும் நாலு ஏரியா சுத்துற சேல்ஸ் வேலை, வீட்டுல வீல்சேர்ல இருக்குறவங்க, இப்படின்னா கார வெச்சுக்கறதுதான் நியாயம். ரெண்டு கார் இருந்தா ஒண்ண குறைச்சுட்டு அதோட நிறுத்திக்கலாம்.

1. கார் என்னென்ன வேலை செய்யுதுன்னு ஒரு மாசம் எழுதுங்க

கார எடுக்குற ஒவ்வொரு தடவையும் நாலே விஷயம் குறிச்சு வைங்க: எங்க, எத்தன பேரு, என்ன சாமான், எத்தன மணிக்கு. கிலோமீட்டர் எல்லாம் வேணாம், அது நமக்கு எதுவும் சொல்லாது.

இது எதுக்குன்னா, எல்லாரும் கார் ஆபீசுக்குத்தான்னு நினைச்சுக்கிட்டு ஆபீஸ் ரூட்ட மட்டும் யோசிப்பாங்க. உண்மைல ஆபீஸ்தான் இருக்குறதுலயே சுலபம், தினமும் ஒரே வழி, ஒரே நேரம், கைல ஒரு பை. எழுதி பாத்தாதான் மத்தது வெளிய வரும்: அம்மாவுக்கு கண் ஆஸ்பத்திரி, பிள்ளையோட கராத்தே கிளாஸ், மாமியார் வீட்டுக்கு டப்பா டப்பாவா சாப்பாடு, காலைல நாலரை மணி முகூர்த்தம்.

மாசக் கடைசில அத மூணா பிரிங்க. தினமும் வர்றது, மாசத்துல சில தடவ வர்றது, எப்பவாவது வந்தாலும் தவற விடவே கூடாதது. கார் இல்லாம இருந்து பாத்துட்டு ஆறு மாசத்துல திரும்ப கார் வாங்கினவங்க யாரையாவது கேளுங்க, மாட்டிக்கிட்டது அந்த மூணாவதுலதான் இருக்கும்.

இங்க வழக்கமா நடக்குற தப்பு, கார் ஓட்டுறவர் மட்டும் உக்காந்து லிஸ்ட் எழுதுறது. பின் சீட்டுல உக்காந்து போறவங்க கணக்கே வேற. வீட்டுல ஒவ்வொருத்தரும் தனித்தனியா எழுதட்டும், அப்பறமா சேத்துக்கலாம்.

2. கணக்கு போட்டு, அந்த காச தனி அக்கவுண்ட்ல போடுங்க

பெட்ரோல மட்டும் கார் செலவுன்னு நினைக்காதீங்க. உதாரணத்துக்கு ஆன்ரோடு 8 லட்சத்துக்கு வாங்கின ஒரு சின்ன கார், 8 வருஷம் ஓட்டிட்டு 3 லட்சத்துக்கு விக்கிறீங்கன்னு வைங்க. தேய்மானம் மட்டும் மாசம் சுமார் 5,200. இன்சூரன்ஸ் வருஷம் 12,000ன்னா மாசம் 1,000. சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் சேத்து வருஷத்துக்கு 18,000ன்னா மாசம் 1,500. மாசம் 600 கிலோமீட்டர், சிட்டி டிராபிக்ல லிட்டருக்கு 13 குடுத்தா, லிட்டர் 100 ரூபாய்னு வெச்சாலும் 4,600. பார்க்கிங், டோல், கழுவுறவருக்கு குடுக்குறது ஒரு 800. மொத்தம் 13,000 தாண்டிடுச்சு. உங்க நம்பர போட்டு இதே மாதிரி எழுதுங்க.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். கார் பழசு, லோன் முடிஞ்சுது, மாசம் 200 கிலோமீட்டர்தான் ஓடுதுன்னா மிச்சம் பெருசா இருக்காது. அப்ப காசுக்காக விக்காதீங்க, வேற காரணம் இருந்தா மட்டும் பாருங்க.

இப்ப முக்கியமானது. வந்த தொகைல முக்கால்வாசிய மாசாமாசம் ஒரு தனி அக்கவுண்ட்டுக்கு மாத்துங்க, அந்த அக்கவுண்ட்ட யூபிஐல இணைச்சுக்கோங்க, ஆட்டோ, டாக்ஸி, மெட்ரோ, ரயில், வாடகை கார் எல்லாமே அதுல இருந்துதான் போகணும், வேற எதுக்கும் அத தொடக்கூடாது. ஏன்னா கார் செலவு ஒரு நாளும் கண்ணுல படாது, இன்சூரன்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவ, சர்வீஸ் ரெண்டு தடவ, தேய்மானம் விக்கும்போதுதான் தெரியும். ஆட்டோ காசு அப்படி இல்ல, ஒவ்வொரு தடவையும் கைய விட்டு போறது தெரியும். "கோயிலுக்கு போக வர 300 ரூபாயா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்"னு ஆரம்பிக்கும், அப்பறம் பெரியவங்க வெளிய போறதையே விட்டுடுவாங்க, பிள்ளை கிளாஸுக்கு லேட்டாகும், வீட்டுல முணுமுணுப்பு வரும், நாலே மாசத்துல ஷோரூம் வாசல்ல நிப்பீங்க. காசு பத்தாம தோத்தவங்கள நான் பாத்ததில்ல, காசு இருந்தும் செலவு பண்ண மனசு வராம தோத்தவங்கதான் அதிகம். தனி அக்கவுண்ட்ல இருந்தா அது கார் காசு, செலவு பண்ணத்தான் வெச்சிருக்கோம்னு மனசு ஒத்துக்கும்.

3. வீடு எங்க இருக்குன்னு பாருங்க

சொந்த வீடுன்னா இத மாத்த முடியாது, அடுத்ததுக்கு போங்க. வாடகை வீடுன்னா எல்லாத்தையும் விட இதுதான் பெரிய முடிவு, மத்த படி எல்லாம் இதுக்கு ஏத்த மாதிரி மாறும்.

ஒரு லைன் மட்டும் இருக்குற இடத்தவிட ரெண்டு லைன் சந்திக்கிற இடத்துக்கு பக்கத்துல பாருங்க. கிண்டில எலக்ட்ரிக் ட்ரெயின், மெட்ரோ, பஸ் மூணும் இருக்கு. பரங்கிமலைல மெட்ரோவும் எலக்ட்ரிக் ட்ரெயினும் ஒரே இடத்துல. எழும்பூர், சென்ட்ரல் அப்படித்தான், ஆனா வாடகைய யோசிக்கணும். ஆலந்தூர்ல ரெண்டு மெட்ரோ லைனும் மாறிக்கலாம், அதனால நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் வீடு கிடைச்சா நல்லது. ரெண்டு லைன் எதுக்குன்னா ஒண்ணு நின்னா இன்னொண்ணு இருக்கும். ஞாயித்துக்கிழமைல பராமரிப்பு வேலைன்னு எலக்ட்ரிக் ட்ரெயின் குறைப்பாங்க, சில நாள் பகல்ல பல வண்டி கேன்சல் ஆகும், அன்னைக்கு தெரியும் இதோட அருமை.

புரோக்கர் சொல்ற "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்" பைக்ல அஞ்சு நிமிஷம். நீங்க நடந்து பாருங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு நடங்க, அப்பதான் தெரு லைட், நாய், பிளாட்பாரம் இருக்கா இல்லையா எல்லாம் தெரியும். வழில ரயில்வே சப்வே இருந்தா மழைக்கு அங்க தண்ணி நிக்குமான்னு பக்கத்து டீக்கடைல கேளுங்க, ஹவுஸ் ஓனர்கிட்ட கேக்காதீங்க.

மெட்ரோ இரண்டாம் கட்டம் வருது, 118.9 கிலோமீட்டர், மாதவரத்துல இருந்து சிறுசேரி சிப்காட், மாதவரத்துல இருந்து சோழிங்கநல்லூர், கலங்கரை விளக்கத்துல இருந்து பூந்தமல்லின்னு மூணு வழித்தடம். வரட்டும், சந்தோஷம். ஆனா உங்க ஏரியால இன்னும் ஓடாத ட்ரெயின நம்பி இன்னைக்கு வீடு எடுக்காதீங்க, தூண் நிக்கிற ரோட்டுல வேலை முடியற வரைக்கும் பஸ் ஸ்டாப் கூட இடம் மாறிக்கிட்டே இருக்கும்.

4. ரூட், டிக்கெட், கார்டு

முதல்ல ரயில், மெட்ரோ. அதுல முடியாத இடத்துக்கு பஸ். மிச்சத்துக்கு ஆட்டோ. இந்த வரிசைலயே யோசிங்க, ஏன்னா ரயிலும் மெட்ரோவும் டிராபிக்ல மாட்டாது, நேரத்த நம்பி சொல்லலாம். வீட்டுல இருந்து ஆபீஸ் வரைக்கும் ஆட்டோலயே போனா கார் செலவ தாண்டிடும், ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் ஷேர் ஆட்டோ, மிச்சம் ட்ரெயின்னா கையக் கடிக்காது.

மெட்ரோல குறைஞ்ச கட்டணம் 10, அதிகபட்சம் 50. கியூஆர் டிக்கெட்டோ கார்டோ எடுத்தா 20% தள்ளுபடி, வாட்ஸ்அப்லயே டிக்கெட் வாங்கலாம். சிங்கார சென்னை கார்டு ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, மெட்ரோலயும் மாநகர பஸ்லயும் ஓடும், சில்லறை தகராறு இல்ல. பெரியவங்களுக்கும் ஒண்ணு தனியா வாங்கி குடுங்க, ஆப்ப விட கார்டுதான் அவங்களுக்கு சுலபம். "சென்னை ஒன்" (Chennai One) அப்படின்னு ஒரு ஆப் 2025 செப்டம்பர்ல வந்துச்சு, பஸ், மெட்ரோ, எலக்ட்ரிக் ட்ரெயின் மூணுக்கும் சேத்து அதுல டிக்கெட் எடுக்கலாம்.

தினமும் பஸ்ல போறவங்களுக்கு 1,000 ரூபாய் மாச பாஸ் இருக்கு, ஏசி பஸ்ஸும் சேத்துன்னா 2,000. 26 நாள் வேலைன்னு வெச்சா நாளுக்கு 39 ரூபாய்க்கு மேல டிக்கெட் எடுக்குறவங்களுக்கு 1,000 பாஸ் லாபம். லேடீஸுக்கு சாதாரண கட்டண பஸ்ல 2021ல இருந்தே டிக்கெட் இல்ல, அவங்களுக்கு பாஸ் வேணுமான்னு பாத்துட்டு வாங்குங்க.

எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு சீசன் டிக்கெட் எடுத்துடுங்க, இந்த ஊர்ல அத விட மலிவான பயணம் கிடையாது. மொபைல்ல டிக்கெட் எடுக்குறவங்க ஒண்ணு கவனிங்க, பேப்பர்லெஸ் டிக்கெட்ட பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு எடுக்க முடியாது, ட்ராக்ல இருந்து தள்ளி இருக்கும்போதே எடுக்கணும், இல்லன்னா ஸ்டேஷன்ல ஒட்டியிருக்குற கியூஆர ஸ்கேன் பண்ணணும். புதுசா வர்றவங்க எல்லாரும் வண்டி வந்து நிக்கும்போது போன எடுப்பாங்க, ஆப் முடியாதுன்னு சொல்லும், டிடிஇ வருவாரு.

இன்னும் ரெண்டு தடுமாற்றம். செங்கல்பட்டு லைன்ல ஃபாஸ்ட் வண்டி சின்ன ஸ்டேஷன்ல நிக்காது, போர்ட பாத்து ஏறுங்க. பஸ்ல நம்பர மட்டும் பாத்து ஏறாதீங்க, அதே நம்பர் "கட்" சர்வீஸா இருந்தா பாதி வழில இறக்கி விட்டுடும், போர்டுல கடைசி ஊர் பேர படிங்க, கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க. 21ஜி, 29சி, 570 மாதிரி நீளமான ரூட் உங்க வீட்டுப் பக்கம் போகுதான்னு கண்டுபிடிச்சு வெச்சுக்கிட்டா ஊர்ல பாதி இடம் கைக்குள்ள வந்துடும்.

எல்லா ரூட்டையும் முதல் தடவ ஒரு லீவு நாள்ல சும்மா போய் பாருங்க. முதல் தடவ போறப்பதான் எந்த கேட்டுல வெளிய வரணும், ஷேர் ஆட்டோ எங்க நிக்கும்னு தெரியாம இருபது நிமிஷம் போகும், அந்த இருபது நிமிஷம் மீட்டிங் இருக்குற அன்னைக்கு போகக்கூடாது.

5. ஆட்டோ அண்ணன் ரெண்டு பேரு, டிராவல்ஸ் ஒண்ணு

ஆப் நல்லதுதான், ஓலா, ஊபர், ரேபிடோ, நம்ம யாத்ரி எல்லாத்தையும் போட்டு வைங்க. ஆனா ஆப் கைவிடுற நேரம் எல்லாம் நமக்கு ரொம்ப தேவையான நேரமாவே இருக்கும்: மழை, விடிகாலை, தீபாவளிக்கு முந்தின நாள். அதனால உங்க தெரு ஸ்டாண்ட்ல ரெண்டு ஆட்டோ அண்ணன பழகி வெச்சுக்கோங்க. ஏன் ரெண்டு பேருன்னா ஒருத்தருக்கு அன்னைக்கு ஸ்கூல் சவாரி இருக்கும்.

பழகுறதுன்னா எப்படி? மழை இல்லாத நாள்ல, அவசரம் இல்லாத நேரத்துல கூப்பிடுங்க. வழக்கமா போற நாலஞ்சு இடத்துக்கு ஒரு ரேட்ட ஒரே தடவ உக்காந்து பேசி முடிச்சுடுங்க, வெயிட்டிங் மணிக்கு எவ்ளோன்னும் சேத்து. அரசாங்கம் 2013ல போட்ட மீட்டர் ரேட் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, அப்பறம் கிலோமீட்டருக்கு 12. அந்த ரேட்டுக்கு எந்த அண்ணனும் வரமாட்டாரு, அத காட்டி சண்டை போட்டா அடுத்த தடவ போன் எடுக்க மாட்டாரு. ஆப்ல காட்டுற ரேட்ட விட கொஞ்சம் கூட குடுத்தாலும் பரவாயில்ல, காலைல அஞ்சு மணிக்கு வாசல்ல ஹாரன் கேக்கும் பாருங்க, அந்த காசு அதுக்குத்தான்.

டிராவல்ஸும் அதே மாதிரி. பட்டுப்புடவை, நகையோட விடிகாலை முகூர்த்தத்துக்கு போறப்ப ஆப்ல ஷெட்யூல் பண்ணி வெச்சு நம்பி இருக்காதீங்க, கடைசி நிமிஷத்துல டிரைவர் கிடைக்கலன்னு மெசேஜ் வரலாம். ஏரியால இருக்குற சின்ன டிராவல்ஸ்ல முந்தின நாளே சொல்லி, டிரைவர் நம்பர ராத்திரியே வாங்கிடுங்க.

6. பெரியவங்களும் நடுராத்திரியும்

கார் வேணும்னு வீட்டுல சொல்ற காரணம் முக்கால்வாசி இதுதான், "அப்பாவுக்கு ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா?" நியாயமான பயம். அத பேசி சமாளிக்க முடியாது, ஏற்பாடு பண்ணி காட்டணும்.

நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், வாதம் மாதிரி எதுக்கும் கார் இருந்தாலும் 108தான் சரி. ஆக்சிஜனும் ஆளும் வண்டிக்குள்ளயே இருக்கும், 2008ல இருந்து தமிழ்நாட்டுல இலவசமா ஓடுது. அதோட பக்கத்து ரெண்டு ஆஸ்பத்திரியோட சொந்த ஆம்புலன்ஸ் நம்பரையும் வாங்கி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க. அதுக்கு கீழ வீட்டு அட்ரஸ், லேண்ட்மார்க், எந்த பக்கம் திரும்பணும்னு ரெண்டு வரி எழுதி வைங்க. பதட்டத்துல சொந்த வீட்டுக்கு வழி சொல்ல வராது, வேலைக்கு வர்ற அக்காவோ பக்கத்து வீட்டு பையனோ போன் பண்ண வேண்டி வந்தாலும் அத பாத்து படிச்சுடலாம்.

காய்ச்சல், வாந்தி மாதிரி ராத்திரி ஒரு மணி விஷயத்துக்கு ஆட்டோ அண்ணன்ல ஒருத்தர் ராத்திரி வருவாரான்னு முன்னாடியே கேட்டு வைங்க. ஒரே அபார்ட்மெண்ட்னா கார் வெச்சிருக்குற பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை சொல்லி வைங்க, அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல, நமக்கு கார் இருந்தப்ப நாமளும் போயிருப்போம்.

மாசாமாசம் போற செக்கப்புக்கு பழகின ஆட்டோவ காத்திருக்க சொல்லி போறதுதான் பெஸ்ட். பார்க்கிங் தேடி அப்பாவ ஆஸ்பத்திரி வாசல்ல தனியா நிக்க வெக்க வேண்டியதில்ல, நீங்களும் கூடவே உள்ள போகலாம். முட்டி வலி உள்ளவங்களுக்கு மெட்ரோல லிஃப்ட் இருக்கு. எலக்ட்ரிக் ட்ரெயின்ல பிளாட்பாரத்துக்கும் படிக்கும் இடைவெளி இருக்கும், வண்டி நிக்கிற நேரமும் கம்மி, அவங்கள அதுல கூட்டிட்டு போகாதீங்க. பஸ்னா தாழ்தள பஸ்ஸா பாத்து ஏத்துங்க.

7. மளிகை, ஸ்கூல்

இதுல பெரிய விஷயம் இல்ல. 25 கிலோ அரிசி மூட்டை, தண்ணி கேன், சிலிண்டர் எல்லாம் ஏற்கனவே வீட்டுக்குத்தான் வருது. தெரு மளிகைக் கடைல மாச சாமான் லிஸ்ட்ட வாட்ஸ்அப்ல போட்டா பையன் கொண்டு வந்து குடுத்துடுவான். ஸ்கூலுக்கு வேன் வேணும்னா ஏப்ரல், மே மாசத்துலயே கேட்டு வைங்க, ஜூன்ல ஸ்கூல் திறந்தப்பறம் சீட் இருக்காது.

ஸ்கூட்டர் இருந்தா வெச்சுக்கோங்க, கார் இல்லாம இருக்குறதுன்னா எல்லாத்தையும் துறக்கணும்னு இல்ல. மெட்ரோ ஸ்டேஷன்ல வண்டி விட மாச பாஸ் இருக்கும், ஆனா பல இடத்துல காலைல சீக்கிரமே ஃபுல் ஆகிடும், அத போய் பாத்துட்டு பாஸ் எடுங்க.

8. ஊருக்கு போறது

வருஷத்துல ரெண்டு மூணு தடவதான், ஆனா எல்லாரும் கார விட மாட்டேங்குறது இதுக்காகத்தான். பொங்கலுக்கு கார்ல போனவங்களுக்கு தெரியும், பரனூர் டோல்ல நிக்கிற நேரத்துல ட்ரெயின் விழுப்புரம் தாண்டியிருக்கும்.

ரயில் முன்பதிவு இப்ப 60 நாளுக்கு முன்னாடி திறக்குது, காலைல 8 மணிக்கு. பண்டிகை தேதில இருந்து பின்னாடி எண்ணி காலண்டர்ல குறிச்சுடுங்க, திரும்பி வர்ற தேதியையும் தனியா குறிங்க. போறதுக்கு மட்டும் எடுத்துட்டு வர்றதுக்கு மறந்துட்டு முழிக்கிறவங்க வருஷா வருஷம் இருக்காங்க. பாண்டியன், நெல்லை, பொதிகை எல்லாம் முதல் நாள் காலைலயே வெயிட்டிங் லிஸ்ட்டுக்கு போயிடும், 8 மணிக்கு லாகின் பண்ணி ரெடியா இருக்கணும். தட்கால் நம்பி இருந்தா ஆதார் சரிபார்ப்ப முன்னாடியே முடிச்சு வைங்க, 2025 ஜூலைல இருந்து அது இல்லாம ஆன்லைன்ல தட்கால் எடுக்க முடியாது.

பஸ்ஸுன்னா தென் மாவட்டத்துக்கு இப்ப கிளாம்பாக்கம்தான், 2023 டிசம்பர் கடைசில திறந்தது, கோயம்பேடுன்னு நினைச்சு கிளம்பிடாதீங்க. பஸ் நேரத்துக்கு முன்னாடி கிளாம்பாக்கம் போய் சேர எவ்ளோ ஆகும்னு உங்க வீட்டுல இருந்து ஒரு தடவ பாத்து வெச்சுக்கோங்க, வடசென்னைல இருந்துன்னா ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க.

ஊர்ல இறங்கினப்பறம் என்ன பண்றதுங்கறதுதான் நிறைய பேரு யோசிக்காத இடம். அங்க இருக்குற டாக்ஸி ஸ்டாண்ட் நம்பர் ஒண்ணு வாங்கி வைங்க. குலதெய்வம் கோயிலுக்கு போறப்ப சித்தப்பா வீடு, அத்தை வீடு எல்லாரும் சேந்து ஒரு வேன் பேசிடுங்க, தலைக்கு வர்ற காசு நீங்க சென்னைல இருந்து கார்ல போட்டுட்டு போற டீசல விட கம்மியாத்தான் இருக்கும். பொங்கல் பானைய யாரு மடில வெச்சுக்கறதுன்னு சண்டையும் வராது.

9. வாடகை கார்: நம்பர் பிளேட்ட பாருங்க

டிரைவரோட வேணும்னா மஞ்சள் பிளேட்ல கருப்பு எழுத்து. நீங்களே ஓட்ட வேணும்னா கருப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து, அதுதான் வாடகைக்கு விட பர்மிட் வாங்கின வண்டி. வெள்ளை போர்டு வண்டிய தெரிஞ்சவர் தெரியாதவர்னு யாராவது கம்மி விலைக்கு குடுத்தா வாங்காதீங்க. சொந்த உபயோகத்துக்கு பதிவான வண்டிய வாடகைக்கு விடுறதே சட்டப்படி தப்பு, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிச்சுடும், மாட்டிக்கறது ஓட்டின நீங்க.

வண்டிய எடுக்கும்போது சுத்தி நடந்து வீடியோ எடுங்க, டயர், கீழ் பம்பர், உள்ள சீட், மீட்டர்ல கிலோமீட்டர், பெட்ரோல் முள்ளு எல்லாம் தெரியணும். திருப்பி குடுக்கும்போதும் இன்னொண்ணு எடுங்க. டெபாசிட்ல பிடிச்சுக்கறது பூரா பழைய கீறல காட்டித்தான் நடக்கும்.

டிரைவரோட வெளியூர் டாக்ஸி எடுக்குறப்ப கிலோமீட்டர் ரேட்ட மட்டும் கேட்டுட்டு ஓகே சொல்லிடாதீங்க. ஒரு நாளைக்கு மினிமம் எத்தன கிலோமீட்டர் (250ன்னு வெப்பாங்க பல பேரு), டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், ஹில்ஸ் சார்ஜ், வேற ஸ்டேட் போனா பர்மிட், இது எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. மூணு நாள் ஊர்லயே வண்டி சும்மா நின்னாலும் மூணு நாள் மினிமம் போட்டுடுவாங்க. அதனால போக ஒரு டிராப் டாக்ஸி, வர ஒரு டிராப் டாக்ஸின்னு தனித்தனியா கேட்டு பாருங்க, பல தடவ அதுதான் கம்மியா வரும்.

10. கார வித்துட்ட மாதிரி ரெண்டு மாசம் இருந்து பாருங்க

மேல சொன்னது எல்லாம் ரெடின்னா கார கவர் போட்டு நிறுத்துங்க. சாவிய வீட்டுல வெக்காதீங்க, அண்ணன் வீட்டுலயோ ஃபிரெண்டு வீட்டுலயோ குடுத்துடுங்க. மேசை டிராயர்ல சாவி இருந்தா முதல் தூறல்லயே கை அங்க போயிடும்.

எந்த மாசம்ங்கறது முக்கியம். ஜனவரி, பிப்ரவரில சென்னை சொர்க்கம், அப்ப யாரு வேணா நடப்பாங்க, அது சோதனையே இல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையோ, கத்திரி வெயிலோ உள்ள வர்ற மாதிரி ஆரம்பிங்க. மழைக்குன்னே ரப்பர் செருப்பு, பைக்கு ரெயின் கவர், ஆபீஸ்ல ஒரு மாத்து டிரஸ் வேணும். ரொம்ப பெரிய மழைல, 2015, 2023 டிசம்பர் மாதிரி, ட்ரெயினும் நிக்கும், கார் இருந்தாலும் போக முடியாது, அன்னைக்கு வீட்டுலயே இருக்கறதுதான் வழி. வெள்ளம்னதும் வேளச்சேரி பாலத்து மேல கார ஏத்தி நிறுத்த ஓடுறாங்களே, அந்த ஓட்டம் உங்களுக்கு இருக்காது.

நிறுத்துற காருக்கு பேட்டரில நெகட்டிவ் வயர கழட்டிடுங்க, ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விடுங்க, எலி ஒயர கடிக்காம அப்பப்ப பானெட்ட திறந்து பாருங்க. இன்சூரன்ஸ் முடியற மாதிரி இருந்தா புதுப்பிச்சுடுங்க, முடிஞ்சு 90 நாள் தாண்டிட்டா நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் பண்ணாத வருஷத்துக்கு பிரீமியத்துல கிடைக்குற தள்ளுபடி) போயிடும், விக்கிறப்பவும் செல்லுபடியான இன்சூரன்ஸ் வேணும்.

இந்த ரெண்டு மாசத்துல முதல் படில எழுதின மூணாவது லிஸ்ட்ல இருந்து சிலத வேணும்னே செஞ்சு பாருங்க. அதோட இன்னொரு லிஸ்ட் எழுதுங்க: கார் இல்லைங்கறதால யார் யாரு எங்க போகாம விட்டாங்க. எவ்ளோ செலவாச்சுங்கறத விட இதுதான் பாக்க வேண்டியது. செலவு பாதியா குறைஞ்சு, ஆனா அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்கு போறத நிறுத்தியிருந்தா அது மிச்சம் இல்ல, அவங்க தலைல கட்டினது. அதுக்கு ஒரு நிரந்தர ஆட்டோ ஏற்பாடு பண்ணிட்டு இன்னொரு மாசம் பாருங்க. அப்பவும் லிஸ்ட் குறையலன்னா சாவிய திரும்ப வாங்கிக்கோங்க, ஒண்ணும் நஷ்டம் இல்ல.

11. இப்ப விக்கலாம்

டிசம்பருக்கு முன்னாடி விக்க பாருங்க, ஜனவரி பொறந்தா காருக்கு ஒரு வயசு கூடிடுச்சுன்னு அத வெச்சே பேரம் பேசுவாங்க. லோன் இருந்தா மொதல்ல பேங்க்ல பாக்கி எவ்ளோ, முன்கூட்டி அடைச்சா சார்ஜ் எவ்ளோன்னு எழுதி வாங்குங்க, விலைய விட பாக்கி அதிகமா இருந்தா வித்து பிரயோஜனம் இல்ல. அடைச்சப்பறம் பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35ம் வெச்சு ஆர்.சி.ல இருக்குற லோன் பதிவ எடுத்துடுங்க.

வாங்குறவருக்கு பேர் மாத்த ஃபார்ம் 29, ஃபார்ம் 30. வேற ஆர்.டி.ஓ எல்லைக்கு, வேற ஸ்டேட்டுக்கு வண்டி போகுதுன்னா ஃபார்ம் 28. வெறும் ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டு குடுத்துடாதீங்க, வாங்குறவர் பேரு, அட்ரஸ், தேதி எல்லாம் நிரப்பி, போட்டோ எடுத்து வெச்சுட்டு குடுங்க. அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல பாக்கி இ-சலான் (டிராபிக் அபராதம்) இருந்தா கட்டிடுங்க.

வண்டிய குடுக்குற அன்னைக்கு டெலிவரி நோட் கட்டாயம்: தேதி, மணி, கிலோமீட்டர், வாங்குறவர் கையெழுத்து, அவரோட ஐடி காப்பி. மணி எதுக்குன்னா அன்னைக்கு சாயங்காலமே ஒரு கேமரா சலான் விழுந்தா யார் ஓட்டினதுன்னு காட்ட. அத விட பெருசு ஒண்ணு இருக்கு, ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவங்கதான் சட்டப்படி ஓனர்னு சுப்ரீம் கோர்ட் 2018லயே சொல்லிடுச்சு, பேர் மாத்தாத கார் ஆக்சிடெண்ட் ஆனா நஷ்டஈடு கேஸ் உங்க பேருக்குத்தான் வரும். அதனால முழுப் பணம் வந்துடுச்சேன்னு விட்டுடாதீங்க, பேர் மாறினத ஆன்லைன்ல பாக்குற வரைக்கும் வாரா வாரம் போன் போட்டு கேளுங்க.

ஃபாஸ்டேக் குடுத்த பேங்க்ல சொல்லி மூடிடுங்க, ஸ்டிக்கர கிழிச்சா மட்டும் பத்தாது. இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட நோ கிளெய்ம் போனஸ் லெட்டர் வாங்கிடுங்க, போனஸ் காருக்கு சொந்தம் இல்ல, உங்களுக்கு சொந்தம், மூணு வருஷத்துக்குள்ள மனசு மாறி வேற கார் வாங்கினா அந்த தள்ளுபடிய அதுல போட்டுக்கலாம், அதிகபட்சம் 50% வரைக்கும் இருக்கும். அபார்ட்மெண்ட் பார்க்கிங் உங்க பேர்ல இருந்தா வாடகைக்கு விடுறதுக்கு முன்னாடி அசோசியேஷன் விதிய படிச்சுடுங்க, பல இடத்துல வெளியாளுக்கு விடக்கூடாது.

கடைசியா டிரைவிங் லைசென்ஸ். கார் இல்லைன்னு அத மறந்துடுவாங்க, வாடகை கார் எடுக்க போறப்பதான் காலாவதி ஆனது தெரியும். முடியற தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடி இருந்தே புதுப்பிக்கலாம், முடிஞ்சு ஒரு வருஷம் தாண்டிட்டா திரும்ப டெஸ்ட் போட்டு காட்டணும். போன்ல ரிமைண்டர் போட்டுடுங்க.